உலகம்மாள் ரேடியோ செட்

தை 6

இந்த வருஷத்து டைரியை எலுமிச்சை மண்டிக்காரர் கொடுத்தார். பேர்தான் பெரிய மண்டி, பக்கத்தில் கோடுகூடப் போடாமல் அச்சடித்திருக்கிறார்கள். உலகுவிடம் காட்டினேன். "இருக்குங்க, லேசா இருக்கு" என்றாள். லேசாக இருந்தால் அது கோடா? பட்டையாக எழுதும் பேனா ஒன்று வாங்கி வந்து எழுதுகிறேன்.

முப்பத்தோரு வருஷமாகப் புளியங்குடியில் செட்டுக் கட்டுகிறேன். கல்யாணம், சடங்கு, கோயில் கொடைத் திருவிழா, சாவு விழுந்த துட்டி வீடு, எல்லாவற்றுக்கும் என் குழாய் ஸ்பீக்கர்தான். ஆம்ப்ளிபயர் பெட்டி மேல் 'உலகம்மாள் ரேடியோ செட்' என்று பெயின்டில் எழுதியிருக்கும். கல்யாணமான மறு மாதமே பெண்டாட்டி பெயரைப் போட்டுவிட்டேன் என்று ஊர் கேலி செய்தது. செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்று முகூர்த்தத்தில் மானம் போயிற்று. செல்போனில் பாட்டுப் போட்டால் நடுவில் யாராவது கூப்பிட்டு ஊர் முழுக்க மணியடிக்கும் என்று, போன வருஷம் உலகுதான் தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டுப் பெட்டி வாங்கித் தந்தாள். பஸ் ஸ்டாண்டில் செல்போன் பழுது பார்க்கும் மைதீன் கடையில் நான்கு ஃபோல்டராகப் பிரித்துப் பாட்டு ஏற்றினோம். ஒன்று கல்யாணம், இரண்டு சடங்கும் வளைகாப்பும், மூன்று அம்மன் கொடை, நான்கு துட்டி. காலையில் பெட்டியைத் திறந்தால் எப்போதும் ஒன்றில் நிற்கும். ஒரு அமுக்கு அமுக்கினால் இரண்டு, இன்னொன்று அமுக்கினால் மூன்று. நல்ல பெட்டி.

இன்று மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார், மேளக்காரர்கள் ஐயர் கையைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள், மண்டபமே மூச்சுவிடவில்லை. அடுத்த பாட்டைத் தயாராக வைப்போம் என்று பொத்தானைத் தொட்டேன். நான்கு குழாயிலும் ஒரு பொம்பளை இங்கிலீஷில் "ஃபோல்டர் ஒன்" என்றாள். ஐயர் தூக்கிய கையை இறக்கவில்லை. "யாருய்யா அது, பொண்ணு வீட்டுக்காரவளா?" என்று மாப்பிள்ளையின் மாமா கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

தை 7

பெட்டியை அணைத்துப் போட்டேன். "பவர் ஆஃப்" என்றாள். திரும்பப் போட்டேன். "பவர் ஆன்" என்றாள். பாட்டு ஏற்றிய கார்டைப் பிடுங்கிப் பார்த்தேன். கார்டு இல்லை என்பதையும் சொன்னாள். வெறும் வயிற்றில் விட்டால் அடங்குவாள் என்று சார்ஜ் தீரும்வரை ஓட விட்டேன். சாகும்போதும் "பேட்டரி லோ" என்று சொல்லிவிட்டுத்தான் செத்தாள். உலகு அடுப்படியில் நின்று சிரித்தாள்.

தை 8

பெட்டியை மைதீனிடம் கொடுத்தேன். ஒரு நிமிஷத்தில் அவள் வாயை அடைத்துவிட்டான்.

"இது ரிப்பேர் இல்ல அண்ணாச்சி. வாய்ஸ் கைடுன்னு பேரு. கண்ணு தெரியாதவங்க பொத்தான அமுக்கும்போது எதுல நிக்குன்னு சொல்லுததுக்காக வச்சிருக்கான்."

எனக்கு டீ சொல்லியிருந்தான். வேலை கிடக்கிறது என்று குடிக்காமல் வந்துவிட்டேன்.

தை 15

மறுபடியும் பேசுகிறாள்.

தை 16

மைதீன் குண்டூசியை ஒரு ஓட்டையில் விட்டு, பெட்டியைப் பிறந்த குழந்தையாக ஆக்கிவிட்டதாகச் சொன்னான். பாட்டையெல்லாம் திரும்ப ஏற்றித் தந்தான். மெனு எங்கே இருக்கிறது என்று எனக்கே காட்ட வந்தான். கடையில் வெளிச்சம் பற்றாது, திரையும் பொடி எழுத்து. நீயே செய்துகொடு என்று சொல்லிவிட்டேன்.

தெருவில் வோல்டேஜ் ரொம்பக் குறைந்துவிட்டது. மத்தியானத்திலேயே ட்யூப் லைட் போட வேண்டியிருக்கிறது, போட்டாலும் ஒன்றும் பெரிதாக விளங்கவில்லை. ஈபி ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தை 27

உலகு திருநெல்வேலி போய் வந்தாள். அவளுடைய அக்காவுக்கு முடியவில்லையாம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போகிறாள். வந்ததும் படுத்துக்கொள்கிறாள். பஸ் அலுப்பு. இவளுக்கு என்ன பாசம் பொத்துக்கொண்டு வருகிறதோ, அந்த அக்கா நம் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

கையில் வளையல் சத்தம் அதிகமாகக் கேட்கிறது. "புதுசா வாங்குனியோ?" என்று கேட்டேன். "பழசுதாங்க" என்றாள்.

மாசி 4

மூன்றாவது தடவை பேச ஆரம்பித்துவிட்டாள். இந்தத் தடவை ஒரு சடங்கு வீட்டில். மைதீன் அதை அணைத்துவிட்டு, இன்று கொஞ்சம் இழுத்து இழுத்துப் பேசினான்.

"அண்ணாச்சி, இது தானா ஆன் ஆகாது. யாராவது மெனுவுக்குள்ள போயி ஆன் பண்ணாத்தான் பேசும்."

"யாருலே பண்ணுவா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றான். அவனுக்குத் தெரியும் என்று இப்போது தோன்றுகிறது. தொண்டையைச் செருமினான். முப்பத்தோரு வருஷம் மைக் பிடித்தவனுக்குச் செருமல் தெரியாதா?

மாசி 5

சூசையைப் பிடித்து ஏசினேன். இருபது வருஷமாக என்னோடு கம்பம் ஏறிக் குழாய் கட்டுகிறவன். பெட்டியைத் தொடுகிற வேலை உனக்கு எதற்கு என்று கேட்டேன். அவன் தொடவே இல்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தான். கோபித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனவன் திரும்பி வந்தான்.

"அத விடுங்க அண்ணாச்சி. மதினி ஏன் இப்படி ஆயிட்டாவ?"

"எப்படி ஆயிட்டா?"

"இல்ல... ரொம்ப இளச்சுப் போயிட்டாவளே. டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"வயசாவுதுல்லாலே. உன் சோலியப் பாரு" என்றேன். அடுத்தவன் பெண்டாட்டி இளைத்தாளா பருத்தாளா என்று பார்ப்பதுதான் இவனுக்கு வேலை.

மாசி 6

பெட்டியைச் சட்டைப் பையை விட்டு எடுப்பதில்லை. இனி யார் தொடுகிறார்கள் பார்க்கலாம். இன்றோடு அவள் வாய் அடைபட்டது.

மாசி 18

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மேலத் தெருவில் வளைகாப்பு. நல்ல குடும்பம், அவர்கள் வீட்டு மூன்று கல்யாணத்துக்கும் என் செட்டுதான். உலகு நேற்றே திருநெல்வேலி போய்விட்டாள். நேற்று எனக்கு அம்மன் கோயில் கொடை. இன்று காலை எப்போதும்போலப் பெட்டியைப் போட்டேன், வளைகாப்புக்கு இரண்டு என்று ஒரே ஒரு அமுக்கு அமுக்கினேன். அந்தப் பிள்ளையை மணையில் உட்கார வைத்து, முதல் வளையலைப் போட அவள் மாமியார் கையைப் பிடித்ததும் சூசை கையசைத்தான் போல, "போடுங்க அண்ணாச்சி" என்று கத்தினான். போட்டேன்.

ஒப்பாரி. நாலாவது ஃபோல்டரின் முதல் ஒப்பாரி. நான்கு குழாயிலும் முழுச் சத்தத்தில்.

எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. விரல் எங்கெங்கோ அமுக்கியது, சத்தம் இன்னும் கூடியது. சூசை ஓடிவந்து வயரைப் பிடுங்கினான். அந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுத சத்தம் குழாய் இல்லாமலேயே கேட்டது. மாமியார்க்காரி மண்ணை வாரித் தூற்றினாள் என்று பிறகு சொன்னார்கள். என் மேலேயும் விழுந்தது. தூற்றட்டும். நானாக இருந்தால் அடித்திருப்பேன்.

வெயிலில் திரை தெரியவில்லை, அதனால்தான் இப்படி ஆயிற்று. எல்லாரிடமும் அதைத்தான் சொன்னேன்.

மாசி 19

செட்டு எடுக்கவில்லை.

மாசி 20

எடுக்கவில்லை. உலகு மேலத் தெருவுக்குப் போய் அந்தப் பிள்ளை காலில் விழுந்து வந்தாளாம். சூசை சொன்னான். அவள் என்னிடம் சொல்லவில்லை.

பங்குனி 2

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன், தூங்கவில்லை. சட்டை ஆணியில் தொங்கியது, பெட்டி அதன் பையில். உலகுவின் வளையல் சத்தம் ஆணிப் பக்கம் போயிற்று. கொஞ்ச நேரத்தில் வாய்க்குள்ளேயே எண்ணுகிறாள்.

"நடுப் பொத்தான அமுக்கிப் புடிக்கணும்... கீழ அஞ்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. நடுவுல ஒண்ணு. மேல ஒண்ணு. நடுவுல ஒண்ணு."

முந்தானைக்குள் பொத்தியும் கேட்டுவிட்டது. "வாய்ஸ் கைட் ஆன்."

"ஏட்டி, நீதானா?"

வளையல் சத்தம் என் பக்கம் திரும்பியது. பிறகு, "ஆமா. மைதீன் தம்பிகிட்டப் போயிக் கேட்டுப் படிச்சேன். எனக்கு இங்கிலீசா தெரியும்? எண்ணித்தான் வச்சிருக்கேன்."

"எதுக்குட்டி? என் மானத்த வாங்கவா?"

"உங்களுக்குக் கண்ணு தெரியல்லங்க."

இந்த வீட்டில் யாரும் இதைச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை, இந்த டைரியில்கூட எழுதியதில்லை.

"யாரு சொன்னா?"

"ஆம்ப்ளிபயர் பெட்டிக்குள்ள சொட்டு மருந்த ஒளிச்சு வச்சா, தூசி தட்டுதவ பாக்காமலா இருப்பா? ரெண்டு வருசமாத் தெரியும். நான் எதிர்ல வந்து நின்னா நீங்க மூஞ்சியவா பாக்கிய? வளையச் சத்தம் வார பக்கந்தான பாத்துப் பேசுதிய. அதான் ராவும் பகலும் கழட்டாம கெடக்கேன். பெட்டி காலையில தானா ஒண்ணுல நிக்குன்னா நெனச்சிய? தெனமும் நான்லா கொண்டாந்து வைக்கேன். அன்னைக்கு ஒரு நாளு நான் ஊர்ல இல்ல, இப்படி ஆயிப்போச்சு."

முந்தின நாள் கொடைக்கு மூன்றில் பாடிய பெட்டி அங்கேயே நின்றிருக்கிறது. ஒரு அமுக்கில் நான்குக்குப் போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம். எனக்கு வந்தது வெட்கம்தான், ஆனால் கோபம் மாதிரிக் கத்தினேன். பெட்டியைப் பிடுங்கக் கையை நீட்டினேன். அவள் மணிக்கட்டு கையில் சிக்கியது.

பிடித்த என் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. வளையல்கள் கலகலவென்று முழங்கைக்கு ஓடின. முழங்கையிலும் நிற்காமல் அதற்கு மேலே போயின.

இது யார் கை என்று கேட்டேன்.

பங்குனி 3

உலகுக்கு உடம்பு சரியில்லை.

பங்குனி 6

எழுதிவிடுகிறேன். இனிமேல் யாரிடம் மறைக்க?

மூன்று வருஷத்துக்கு முன் திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கண்ணுக்குள் நீரழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போய்விட்டது, போனது வராது, இருப்பதையாவது காப்பாற்றச் சொட்டு மருந்து விட வேண்டும் என்று. குருடன் கையில் யார் செட்டைக் கொடுப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. வோல்டேஜ், வெயில், பொடி எழுத்து என்று இந்த டைரியிடம்கூடப் பொய் சொன்னேன். டைரியில் கோடு இருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அவளுக்கு வயிற்றில் கட்டி. ஐப்பசியிலேயே சொல்லிவிட்டார்களாம். ஈரலுக்குப் பரவிவிட்டதாம். அக்காவைப் பார்க்கப் போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான். கத்தி வைத்தாலும் பிரயோஜனமில்லை, வலிக்கு மட்டும் மருந்து தருகிறோம் என்று அனுப்பிவிட்டார்களாம். எனக்குச் சோறு போட்டுவிட்டு, "நான் அப்பவே சாப்பிட்டேன்" என்று எத்தனை நாள் சொல்லியிருக்கிறாள். எதிரே உட்கார்ந்து அவள் சாப்பிடாததை நான் பார்க்கவில்லை.

சூசை வந்து அழுதான். "உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சோம் அண்ணாச்சி. ஒரே வீட்ல இருக்கிய, பாக்காமலா இருப்பியன்னு..." என்றான்.

டீக்கடைக்காரன் பார்த்திருக்கிறான். மைதீன் பார்த்திருக்கிறான். பஸ் கண்டக்டர்கூட எழுந்து இடம் கொடுத்தானாம். ஊரே பார்த்திருக்கிறது. கண் தெரிகிற மாதிரி நான் நடித்தேன், அதை எல்லாரும் நம்பினார்கள், அந்த மறைவில் அவள் நின்றுகொண்டாள். முன்பே உண்மையைச் சொல்லியிருந்தால், யாராவது ஒருத்தர் என்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருப்பார்கள். உலகு, உன்னை நான்தான் தவறவிட்டேன்.

பங்குனி 20

ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். நுரை கட்டும்போது சத்தம் மாறும், அப்போது இறக்க வேண்டும். உலகு கட்டிலில் இருந்தபடியே, "இப்ப, இப்ப எறக்குங்க" என்று சொல்கிறாள். இரண்டு வாய் குடித்தாள். உப்பு சரியாக இருக்கிறது என்றாள், நான் உப்பே போடவில்லை என்று பிறகு குடித்தபோது தெரிந்தது.

சித்திரை 8

மத்தியானம் எல்லாம் பெட்டியோடு பாடம். அவள் என் விரலைப் பிடித்து ஒவ்வொரு பொத்தானாக வைக்கிறாள். வாய்ஸை அணைத்துவிட்டு நானாகப் போட வேண்டும். கீழே ஐந்துக்குப் பதில் நாலு அமுக்கி ஏதோ பாஷையை மாற்றிவிட்டேன். பெட்டி சீனாக்காரி மாதிரிப் பேசியது. உலகு சிரித்துச் சிரித்து இருமினாள். மைதீன் வீட்டுக்கே வந்து சரி செய்து கொடுத்தான். டீ போட்டேன், குடித்துவிட்டுத்தான் போனான்.

"இனிமே இத அணைக்கக் கூடாது. கேட்டியளா?" என்றாள்.

"குழாயில எல்லாம் கேக்குமே, ஊர் சிரிக்குமேட்டி."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான். கண்ணு தெரியலன்னு சொல்லிட்டுச் செட்டுக் கட்டுங்க. சூசை இருக்கான்லா."

சித்திரை 9

மேலத் தெருவுக்குச் சூசையைக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குக் கண் தெரியாது, அதனால்தான் அன்றைக்கு அப்படி ஆயிற்று என்று வாசலில் நின்று சொன்னேன். மாமியார்க்காரி எழுந்து உள்ளே போனாள். அந்தப் பிள்ளை ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தது.

வைகாசி 3

இரண்டு முகூர்த்தம் வந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உலகு ஏசினாள். பிறகு சொன்னாள், "ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் பாட்டுப் போட்டிய. நம்ம கல்யாணத்துக்குத்தான் செட்டு இல்லாமப் போச்சு."

உண்மைதான். எங்கள் முகூர்த்தத்தன்றே கடையநல்லூரில் ஒரு பெரிய கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இருந்தது ஒரே செட்டு. அது அங்கே பாடியது. சங்கரன்கோவிலில் சாமி முன்னால் தாலி கட்டிவிட்டு, மாலையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, செட்டைப் பார்க்க பஸ் ஏறிவிட்டேன். அதற்குத்தான் மறு மாதம் பெட்டியில் பெயர் எழுதினேன். அவள் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வைகாசி 21

வளையலைக் கழற்றச் சொன்னேன், பளுவாக இருக்கும் என்று. மாட்டேன் என்றுவிட்டாள். நூலால் கட்டி மணிக்கட்டில் நிற்க வைத்திருக்கிறாள். இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கிறேனா என்று தெரியவில்லை. பேனா மேடு பள்ளத்தில் போகிற மாதிரி இருக்கிறது.

ஆனி 5

தண்ணீர் மட்டும்.

ஆனி 14

உலகு போய் நான்கு நாள் ஆகிறது. அன்று காலையில் அவள் கை சும்மா கிடந்தது. கூப்பிட்டேன், வளையல் அசையவில்லை.

வெளிச் செட்டுக்குச் சொல்லிவிடவா என்று சூசை கேட்டான். நம் வீட்டுத் துட்டிக்கு நாமே பாட்டுப் போடுவது முறையில்லை என்று பெரியவர்களும் சொன்னார்கள். முப்பத்தோரு வருஷமாக அவள் பெயரை எழுதின பெட்டி, அவளுக்குப் பாடாமல் வேறு யாருக்குப் பாடும் என்று கேட்டேன். சூசை அழுதுகொண்டே கம்பம் ஏறித் தெருமுனையில் இரண்டு குழாய் கட்டினான்.

பூவும் மஞ்சளும் குங்குமமும் வைத்து அவளை வாசலில் கிடத்தியிருந்தார்கள். சுமங்கலியாகப் போகிறாள் என்று ஆளாளுக்கு வந்து சொன்னார்கள். நான் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். பாட்டுப் பெட்டியை ஒன்றில் கொண்டுவந்து வைக்க அன்று ஆளில்லை. அதை ஆன் செய்தேன்.

"ஃபோல்டர் ஃபோர்" என்று இரண்டு குழாயும் சொன்னது. எதை எதையோ அமுக்கிப் பழகியதில் நான்கில் நின்றிருக்கிறது. ஒப்பாரி வரும் என்று பெண்கள் மாரில் கை வைத்துக் காத்திருந்தார்கள். நான் இன்னொரு அமுக்கு அமுக்கினேன். நான்குக்குப் பிறகு அது சுற்றிக்கொண்டு முதலுக்கு வரும்.

"ஃபோல்டர் ஒன்."

தெரு முழுக்கக் கேட்டது. சூசை ஓடிவந்து தோளைத் தொட்டான். "அண்ணாச்சி, நாலுதான் அண்ணாச்சி... தாண்டிட்டிய."

"கேட்டுச்சுலே. நாலும் கேட்டுச்சு, ஒண்ணும் கேட்டுச்சு" என்றேன். அவன் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் பாட்டைப் போட்டேன்.

கல்யாணப் பாட்டு முழுசும் ஓடியது. யாரும் வயரைப் பிடுங்கவில்லை. மேலத் தெரு மாமியார்க்காரிதான் முதலில் சத்தமாக அழுதாள், குரல் தெரிந்தது.

ஆடி 7

அம்மன் கொடை. கண் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், தெரிந்துதான் கூப்பிடுகிறோம் என்றார்கள். "ஃபோல்டர் த்ரீ" என்று குழாயில் கேட்டதும் பிள்ளைகள் கூடவே கத்துகிறார்கள். செட்டு நன்றாகப் பாடியது. சூசை சாயங்காலம் கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டான்.

கதவைத் திறந்து உள்ளே போய், பழக்க தோஷத்தில் "உலகு" என்று கூப்பிட்டுவிட்டேன். எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்று தெரியவில்லை.